பிக்கப் வண்டியின் கியர்பாக்ஸ் சீக்கிரமே போவது ஏன்? காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், திருமயம் பக்கம் பிக்கப் வைத்துப் பிழைக்கிறவர்களுக்காக எழுதியது இது. பெட்டியை (கியர்பாக்ஸை) வண்டியிலிருந்து கீழே இறக்கிய பிறகு பட்டறையில் கேட்கும் கேள்விகள்தான் பெரும்பாலும். இறக்கும் முன்பே கேட்டால் செலவு குறையும். ஐந்து கியர் மேனுவல் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆட்டோமேட்டிக் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. எந்தக் கம்பெனி வண்டி நல்லது என்று கேட்காதீர்கள், இங்கே அதற்குப் பதில் இல்லை.

எத்தனை கிலோமீட்டருக்குள் போனால் 'சீக்கிரம் போச்சு' என்று சொல்லலாம்?

எழுதிவைத்த எல்லை கிடையாது. ஆயில் சரியாக இருந்து, ஆர்.சி.யில் உள்ள எடைக்குள் ஓடிய பெட்டி பிரிக்காமலே இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். வாடகைக்கு ஓடும் வண்டிகளில் இது அதிசயமில்லை. ஒரு லட்சத்துக்குள் பேரிங் கத்தினாலோ பல் உடைந்தாலோ அதற்கென்று ஒரு காரணம் இருக்கிறது, தேடினால் அகப்படும். கிளட்ச் பிளேட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது தேய்வதற்கென்றே செய்த பொருள். ஒருவர் காலில் ஒரு லட்சம் ஓடும், இன்னொருவர் காலில் முப்பதாயிரத்தில் கருகும்.

அண்ணே, வண்டியில ஊளைச் சத்தம் வருது. கியர்பாக்ஸ்தான்னு எல்லாரும் சொல்றாங்க. இறக்கிடலாமா?

இறக்க வேண்டாம். முதலில் கேளுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சிலிருந்து காலை எடுங்கள். சத்தம் இருக்கிறதா? கிளட்சை முழுதாக மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுற்றைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டு) பேரிங்கிலோ லே ஷாஃப்ட் (உள்ளே அதோடு சேர்ந்து சுற்றும் கீழ்த் தண்டு) பேரிங்கிலோ இருக்கலாம். கிளட்சை மிதித்ததும் அந்த இரண்டும் சுற்றாமல் நின்றுவிடுகின்றன அல்லவா. தலைகீழாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது ரிலீஸ் பேரிங், கிளட்சை அழுத்தி விடுவிக்கிற பேரிங். பெட்டியைக் கழற்றித்தான் அதை மாற்ற வேண்டும் என்றாலும், பெட்டியைப் பிரிக்கத் தேவையில்லை. இந்த வித்தியாசத்தில் கூலி பல மடங்கு மாறும்.

அடுத்து ஓட்டிப் பாருங்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றில் நாலாவது கியர்தான் நேர் கியர்: இன்ஜின் சுற்று பற்களின் வழியாகப் போகாமல் நேரே பின்னால் போய்விடும். ஒன்று, இரண்டு, மூன்றில் ஊளை இருந்து நாலில் அடங்கினால் லே ஷாஃப்ட்டும் அதன் பற்களும் சந்தேகத்துக்குரியவை. எல்லாக் கியரிலும் ஒரே சத்தம், வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது, நியூட்ரலில் உருளவிட்டாலும் போகவில்லை என்றால் பெட்டியை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். கிரவுன்–பினியன் (பின் ஆக்சிலில் உள்ள பற்சக்கர ஜோடி), புரொபெல்லர் ஷாஃப்ட்டின் (பெட்டியிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டின்) நடு பேரிங், சக்கர பேரிங் இவற்றில் ஒன்று. ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஒரு ஊளை, விட்டால் வேறு ஊளை என்றால் பெரும்பாலும் கிரவுன். கிளம்பும்போது அடியில் 'டக்' என்று ஒரு அடி மட்டும் கேட்டால் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸைப் பாருங்கள். கிராஸ் போன வண்டிக்குக் கியர்பாக்ஸைப் பிரித்துப் பில் போட்ட கதை இந்தப் பக்கம் புதிதல்ல.

சத்தம் எதுவும் இல்லை, ஆனால் கியர் விழ மாட்டேங்குது.

இன்ஜினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். நிறுத்தினால் எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு விழுகிறது, ஓடும்போது எதுவுமே விழவில்லை என்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கிளட்ச் ஆயில் குறைவு, மாஸ்டர் சிலிண்டர், கீழே உள்ள சிலிண்டர், காற்று அடைத்தது என்று வெளியிலேயே தீரும் வேலை. ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் இறக்கும்போது 'கர்ர்' என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங், அதாவது கியர் விழும் முன் சுற்றுகளை ஒன்றாக்குகிற பித்தளை வளையம். போட்ட கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறித்தால் டாக் பல் (கியரைப் பூட்டிப் பிடிக்கும் பல்), ஃபோர்க் (கியர் மாற்றத் தள்ளும் கவை), பூட்டு ஸ்பிரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று ஒரு தரம் கீழே படுத்துப் பார்த்துவிடுங்கள்.

கிளட்ச் விடுபடாமல் இருக்கும்போது பலவந்தமாகக் கியரைத் திணித்து ஒரு மாதம் ஓட்டுவது இங்கே சகஜம். வெளியே தீர்ந்திருக்கும் சின்ன வேலை அந்த ஒரு மாதத்தில் உள்ளே போய்விடும். சிங்க்ரோ ரிங்கின் பித்தளை தேய்ந்து, டாக் பல்லின் கூர்முனை மழுங்கிவிடும்.

வாரன்டியில் இருக்கிற வண்டி. சர்வீஸ் சென்டரில் 'ஓவர்லோடு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

அந்த வார்த்தை சில நேரம் உண்மை, சில நேரம் சாக்கு. இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது.

அதிக பாரம் கியர்பாக்ஸை மட்டும் தேடிப்போய் அடிப்பதில்லை. அது வண்டி முழுக்கத் தடயம் விடும். பின் ஸ்பிரிங் பட்டை வளைவு இழந்து தட்டையாகியிருக்கும், பட்டைகளுக்கிடையே உரசல் தெரியும், பின் டயர் தோள் தேய்ந்திருக்கும், பாடியின் குறுக்குச் சட்டங்களில் வெல்டிங் விட்டிருக்கும். இவை எதுவும் இல்லாமல், முன்பக்கத்து ஒரு பேரிங் மட்டும் சிதைந்திருக்கிறது என்றால் 'இந்த பாரம் அந்தப் பேரிங்கை மட்டும் எப்படித் தொட்டது?' என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்பது முக்கியம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இன்ஜின் தருகிற முறுக்குவிசைக்கு மேல் பெட்டிக்குள் சாதாரணமாக நுழையாது. பாரம் ஐந்து டன்னாக இருந்தாலும் இன்ஜின் தருவது அதே அளவுதான். ஆனால் பாரம் ஏறினால் அந்த முழு விசையை மணிக்கணக்கில், கீழ் கியர்களில், சூட்டோடு தாங்க வேண்டியிருக்கிறது. பள்ளத்தில் மாட்டிய வண்டியை எடுக்க டிரைவர் ஆக்சிலேட்டரை ஏற்றிக் கிளட்சைப் படாரென்று விடும்போதுதான் ஃப்ளைவீலின் சுற்றும் சேர்ந்து, இன்ஜின் தருவதைவிடப் பெரிய அடி பற்களில் விழுகிறது. பல் உடைவது பெரும்பாலும் அந்த நொடியில். ஆகவே பாரம் நேராகக் கொல்வதைவிட, பாரம் ஓட்டவைக்கிற விதம்தான் அதிகம் கொல்கிறது.

இப்போது நம் பக்கத்து உண்மை. கூடுதலாக இரண்டு பட்டை போட்டு உயர்த்திய வண்டியைக் கொண்டுபோய் 'நான் ஓவர்லோடு ஏற்றவே இல்லை' என்றால் யார் நம்புவார்? அந்தக் கூடுதல் பட்டை நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம்.

நான் ஏற்றுவது ஆத்தங்குடிக் கல்தான். பாடியில் பாதிகூட நிறைவதில்லை. அது எப்படி ஓவர்லோடு ஆகும்?

ஆகும். கண் அளவு ஏமாற்றுகிற சரக்கு அது. ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. எட்டங்குலச் சதுரக் கல் ஒன்று, தடிமனைப் பொறுத்து, ஏறக்குறைய இரண்டு கிலோ. சதுர அடிக்கு இரண்டேகால் கல். அப்படியானால் சதுர அடிக்கு நாலு, நாலரை கிலோ. 'சின்ன வீடு, 500 சதுர அடிதான்' என்று சொல்லி அனுப்பும் லோடு இரண்டு டன்னைத் தாண்டுகிறது. தொட்டியிலிருந்து எடுத்து ஈரம் காயாமல் ஏற்றினால் இன்னும் கூடும்.

பழைய வீடு பிரித்த சாமான்களும் அப்படித்தான். ஒரு கன அடி கருங்கல் 75 கிலோவுக்குக் குறையாது. ஓரடிச் சதுரத்தில் பத்தடி உயரக் ஒரு கல்தூண் மட்டுமே முக்கால் டன். அதே அளவு தேக்குத் தூண் 200 கிலோ அளவில் நின்றுவிடும். தூணுக்குத் தூண் வாடகை பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: அரை யூனிட் என்பது 50 கன அடி, காய்ந்த மணலே இரண்டு டன்னுக்கு மேல்.

உங்கள் வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பது ஆர்.சி.யிலேயே இருக்கிறது. மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழியுங்கள். டிரைவர், உடன் வரும் ஆள், தார்ப்பாய், நீங்கள் கட்டிய இரும்புக் கூண்டு எல்லாம் மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். சந்தேகமான லோடை எடைமேடையில் ஒரு தரம் ஏற்றி, சீட்டை எடுத்துவையுங்கள். புதுவயல் பக்கம் அரிசி ஆலை ஓட்டம் ஓடுகிறவர்களுக்கு இது பழகிய வேலைதான். நாளைக்கு வாரன்டித் தகராறு வந்தால் அந்தச் சீட்டுகள் பேசும். மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. மிச்ச லோடை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள்.

கியர் ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாமாமே?

கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. பெரும்பாலான சரக்கு வண்டிக் கையேடுகளில் மாற்றும் கிலோமீட்டர் போட்டிருக்கும். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு 40,000-க்கு ஒரு தரம் மாற்றச் சொல்வது என் வழக்கம். பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய இரண்டு லிட்டர், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். இன்ஜின் ஆயிலுக்கு இருக்கிற கவனத்தில் கால்வாசிகூட இதற்குக் கிடைப்பதில்லை. டேஷ்போர்டில் இதற்கு விளக்கு கிடையாது. குறைந்தாலும் வண்டி சொல்லாது.

பார்ப்பது சுலபம். சமதரையில் நிறுத்தி, சூடு தணிந்ததும் பக்கவாட்டில் உள்ள ஊற்று போல்ட்டைக் கழற்றுங்கள். ஆயில் அந்தத் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். விரலை விட்டுத் தேட வேண்டியிருந்தால் குறைவு. பின் சீல் கசிந்து மெல்ல மெல்லக் குறையும்போது பல பெட்டிகளில் முதலில் காய்வது ஐந்தாம் கியர், அது வால் பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பதால். திருச்சி ரோட்டில் ஐந்தாம் கியரில் மட்டும் ஒரு புதுச் சத்தம் என்றால் அன்றைக்கே ஆயிலைப் பாருங்கள்.

சீல் மாற்றி மாற்றியும் கசிகிறதா? பெட்டியின் தலையில் உள்ள பிரீதர் (காற்றுத் துளை) மண் அடைத்திருக்கும். சூட்டில் உள்ளே காற்று விரிந்து, வெளியேற வழி இல்லாமல் சீலைத் தள்ளும். அதைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிஷம்.

வடிக்கும்போது போல்ட்டில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். மை போல வழவழப்பான கறுப்பு விழுது இருந்தால் பயமில்லை, அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற சில்லு இருந்தால் பெட்டி இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆயிலில் தங்கப் பொடி மாதிரி மினுங்கினால் சிங்க்ரோ ரிங்கின் பித்தளை கரைகிறது.

கடையில் ஜி.எல்-5 இருக்கு, ஜி.எல்-4-ஐ விட ஒசத்தின்னு கொடுத்தாங்க. ஊத்தலாமா?

கையேடு ஜி.எல்-4 கேட்டால் ஜி.எல்-4 மட்டுமே. எண் பெரிதானால் தரம் ஒசத்தி என்று இல்லை. ஜி.எல்-5 கிரவுன்–பினியனுக்காக, அதாவது பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி அழுத்துகிற இடத்துக்காக, கந்தகமும் பாஸ்பரசும் அதிகம் சேர்த்துச் செய்தது. அந்த மருந்து சூட்டில் பித்தளையை அரிக்கக் கூடியது. மேலும் சிங்க்ரோ ரிங் வேலை செய்வதே உராய்வில். வழுக்கல் கூடினால் அது பிடிக்காமல் கியர் கரகரக்கும். இரண்டுக்கும் ஏற்றது என்று கம்பெனியே எழுதிய ஆயில்கள் உண்டு, அது வேறு. கிரவுனுக்கு வாங்கியதில் மிஞ்சியதைக் கியர்பாக்ஸில் கவிழ்ப்பது மட்டும் கூடவே கூடாது. 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்ற கனமும் கையேட்டின்படியே இருக்கட்டும்.

வெளியில் கிளட்ச் பிளேட் மாற்றினேன். சில மாதத்திலேயே கியர்பாக்ஸ் கத்துகிறது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

பெரும்பாலும் இருக்கிறது. சீக்கிரம் போன பெட்டிகளில் நான் முதலில் கேட்கும் கேள்வியே 'இதை எப்போது கடைசியாக இறக்கினார்கள்?' என்பதுதான்.

கிளட்ச் வேலைக்குப் பெட்டியை இன்ஜினிலிருந்து பிரித்து, மறுபடி கோர்க்க வேண்டும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் உட்கார்வதற்காக இரண்டு டவல் பின்கள் இருக்கும். அவசரத்தில் ஒன்று விழுந்துவிடும், அல்லது துரு ஏறிய முகத்தில் மண் சிக்கும். போல்ட்டை முறுக்கினால் பெட்டி சேர்ந்துவிடும், வண்டியும் ஓடும். ஆனால் இன்புட் ஷாஃப்ட் மயிரிழை சாய்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் ஃப்ளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங், அடுத்து இன்புட் பேரிங், அப்புறம் அதன் சீல், சீல் வழியாக ஆயில் கிளட்ச் பிளேட்டில் என்று வரிசையாகப் போகும். ஜாக் இல்லாமல் இரண்டு பேர் தோளில் தாங்கி ஏற்றும்போது முழுப் பெட்டியின் கனமும் கொஞ்ச நேரம் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்குவதும் இதே பலனைத் தரும். கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியும் அதில் வளையும்.

கிளட்ச் மாற்றக் கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: இரண்டு டவல் பின்னும் இருக்கிறதா, பைலட் பேரிங்கைப் பார்த்தார்களா, வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றினார்களா, புதிதா. மூன்றாவது கேள்விக்கு மெக்கானிக் முகம் சுளித்தால் பதில் தெரிந்துவிடும்.

தைப்பூசத்துக்குக் காவடி பின்னாடியே பழனிவரை போனேன். வந்ததிலிருந்து கிளட்ச் வாடை.

நகரத்தார் காவடிப் பயணம் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக நடக்கிறது. தண்ணீர், சமையல் சாமான் ஏற்றிய வண்டி பின்னால் நடை வேகத்தில் ஊர்கிறது. முதல் கியரில் ஐடிலில் விட்டாலும் வண்டி மனிதர் நடையைவிட வேகமாகப் போகும், ஆகவே டிரைவர் அரைக் கிளட்சில் பிடித்துப் பிடித்து ஓட்டுகிறார். நாள்கணக்கில் இப்படி. பிளேட் கருகுகிறது, பிரஷர் பிளேட் நீலம் பாய்கிறது, ரிலீஸ் பேரிங்கின் கிரீஸ் உருகி ஓடுகிறது, அந்தச் சூடு இன்புட் சீலையும் காய்ச்சுகிறது.

இதற்கு மருந்து கூட்டத்தோடு ஊராமல் இருப்பதுதான். வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள். அவர்கள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போகட்டும்; பிறகு இரண்டாம் கியரில் போய்ச் சேர்ந்து, முன்னால் ஓரிடத்தில் மறுபடி நில்லுங்கள். ஊர்ந்தே தீர வேண்டிய கட்டாயமென்றால் அந்த வேலைக்கு டிராக்டரை வையுங்கள். அதற்கு அப்படிப்பட்ட கியர் இருக்கிறது.

வாடை வந்தது ஒரு தரம்தானா, தினமும் வருகிறதா என்று பாருங்கள். சமரோட்டில் மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அமுக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் பிளேட் முடிந்தது.

ஐப்பசி மழையில் கண்மாய்த் தண்ணீர் ரோட்டில் ஓடியது. அதில் இறக்கி ஏற்றினேன். கியர்பாக்ஸுக்கு என்ன ஆகும்?

தண்ணீர் சக்கரத்தின் பாதியைத் தாண்டியிருந்தால் ஆயிலைச் சோதியுங்கள். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீல் ஓரமாகவும் தண்ணீரை உறிஞ்சும். பால் கலந்த டீ நிறத்தில் ஆயில் வந்தால் உடனே வடித்து, புதிது ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி ஒரு தரம் மாற்றுங்கள். கிரவுனுக்கும் அதேதான். 'அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்' என்று விட்டால் பேரிங் ரோலர்கள் உட்கார்ந்த இடத்தில் வரிவரியாகத் துரு பிடித்து, தை மாதத்தில் கத்த ஆரம்பிக்கும்.

தொண்டியிலிருந்து மீன் ஏற்றுகிறவர்கள், ஐஸ் தண்ணீர் அடியில் வடிகிற இடத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்பு பெட்டிக்குள் போகாது, ஆனால் ரிவர்ஸ் லைட் சுவிட்சையும் கிராஸையும் தின்றுவிடும்.

கியர் லீவர் மேலேயே கை வைத்து ஓட்டினால் கெடுமா?

கெடும். கையின் கனம் உள்ளே, சுற்றிக்கொண்டிருக்கும் காலரின் மேல் ஃபோர்க்கை இடைவிடாமல் அழுத்துகிறது. பிரித்துப் பார்த்தால் ஃபோர்க்கின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும்.

பெரிய டயர் போட்டால்?

வண்டி ஒவ்வொரு கியரிலும் கனமாக இழுக்கும், கிளட்ச் கூடுதல் நேரம் நழுவும். இன்ஜின் பவரை ஏற்ற லேப்டாப்பில் மாற்றிக் கொடுக்கிறார்களே, அது இன்னும் மோசம்: பெட்டி தாங்கும் என்று கம்பெனி கணக்குப் போட்ட முறுக்குவிசையையே அது மீறுகிறது. வாரன்டியும் போகும்.

பெட்டியைப் பிரிக்கும்போது நான் நின்று என்ன பார்க்க வேண்டும்?

நிற்பதே பாதி வேலை. காரணம் தெரியாமல் பாகம் மாற்றினால் அதே காரணம் புதுப் பாகத்தையும் தின்னும். கழுவுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள்; டீசலில் கழுவிய பிறகு சாட்சி போய்விடும். வடித்த ஆயிலில் ஒரு சின்ன பாட்டில் பிடித்துத் தேதி எழுதிவையுங்கள்.

பிறகு பாகங்களைப் படியுங்கள். பற்களும் ஷாஃப்ட்டும் வைக்கோல் நிறத்திலிருந்து நீலம்வரை மாறியிருந்தால் ஆயில் இல்லாமல் வெந்திருக்கிறது. பல்லின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தால் நீண்ட நாள் அழுத்தம். உடைந்த பல்லின் உடைவாயை வெளிச்சத்தில் பாருங்கள்: ஒரு மூலையில் வழவழப்பாக, வளைவு வளைவாகக் கோடுகள் ஓடி, மீதி மட்டும் சொரசொரவென்று இருந்தால் விரிசல் எப்போதோ விழுந்து மெல்ல வளர்ந்தது, முழுதும் ஒரே மாதிரி புதிதாக மினுங்கினால் ஒரே அடியில் போனது. முன்னது உலோகக் குறையாகவும் இருக்கலாம், பழைய அடியாகவும் இருக்கலாம். பின்னதற்கு டிரைவரைத்தான் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் பளபளவென்று இருக்க இன்புட் பேரிங் மட்டும் தூளாகியிருந்தால் நேர்கோடு தவறியிருக்கிறது என்று சந்தேகியுங்கள். சர்கிளிப் (பூட்டு வளையம்) இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்து, கிளிப்பின் துண்டு கீழேயும் கிடைக்கவில்லை என்றால் அது பூட்டும்போதே போடப்படாதது. உங்களுக்கு முன்னால் அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை என்றால் தவறு எங்கே நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

வாரன்டி கேட்டு வண்டியை விடும்போது என்ன எழுத வேண்டும்?

ஜாப் கார்டில் உங்கள் வாயால் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்: 'மூன்றாம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஊளை, நாலில் இல்லை' என்கிற மாதிரி. 'ஜெனரல் செக்கப்' என்று எழுதிய ஜாப் கார்டு பின்னால் உதவாது. கிலோமீட்டர், தேதி, நகல் மூன்றும் கையில் இருக்கட்டும். சத்தத்தை வீடியோ எடுத்துவையுங்கள். பெட்டியைத் திறக்கும் நாளில் உடனிருக்க அனுமதி கேட்டு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். வாரன்டி தர மறுத்தால் காரணத்தையும், எந்தப் பாகத்தைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பழைய பாகங்களை அழிக்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். வாரன்டியில் மாற்றிய பாகம் கம்பெனிக்குச் சொந்தம் என்பார்கள், சரிதான். மறுத்த வாரன்டியின் பாகம் உங்களுடையது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? சரக்கு வண்டிக்குக் கிடையாது என்கிறார்களே.

வியாபார நோக்கில் வாங்கியதற்குக் கிடையாது என்பது உண்மை. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கி, தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம், லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவரை உதாரணமாகக் காட்டி இதைத் தெளிவாக்கியது. உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்திருப்பதால் மாறிவிடாது. நாலு வண்டி, நாலு டிரைவர் என்று நடத்துகிறவருக்குத்தான் சிக்கல். ஆகவே மனுவின் முதல் பக்கத்திலேயே 'இது என் ஒரே வண்டி, நானே ஓட்டுகிறேன்' என்பது வர வேண்டும், உண்மையாக இருந்தால்.

வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. கட்டணம் 5 லட்சத்துக்குள் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதிந்து பார்க்கலாம்; சில நேரம் அதிலேயே இறங்கி வருவார்கள்.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் கோளாறு சம்பந்தப்பட்ட ஒரு கார் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரன்டி என்பது கெட்ட பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழு வண்டியையும் மாற்றுவதற்கு அல்ல என்றது. 'புது வண்டி கொடு' என்று கேட்பதைவிடப் புது கியர்பாக்ஸ், ஓடாத நாள்களின் வருமானம், செலவு என்று கேட்பது நிற்கும். நிபுணர் அறிக்கை இல்லாத மனு பலவீனமானது. பொறியியல் கல்லூரி இயந்திரவியல் ஆசிரியர் ஒருவர் பாகத்தைப் பார்த்து எழுதிய இரண்டு பக்கம், நாம் பத்துப் பக்கம் புலம்புவதைவிட மேல்.

இன்சூரன்ஸ் தருமா?

தராது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண பாலிசியில் விலக்கு. கல்லில் இடித்துப் பெட்டி உடைந்தால் அது விபத்து, அதற்குக் கேட்கலாம்.

பழைய பெட்டி வாங்கிப் போடலாமா, இதையே கட்டலாமா?

ஹவுசிங் (பெட்டியின் வெளிக்கூடு) உடையாமல், ஷாஃப்ட் நல்ல நிலையில் இருந்தால் கட்டுவதே என் கட்சி. கட்டுவதென்றால் கத்திய பேரிங்கை மட்டும் மாற்றுவதல்ல. பேரிங் முழு செட், சீல்கள், தேய்ந்த சிங்க்ரோ ரிங்குகள். உலோகத் தூள் சுற்றிய ஆயிலில் குளித்த மற்ற பேரிங்குகளை நம்ப முடியாது.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழைய பெட்டி வாங்கினால், ஒரே மாடல் பெயர் என்பது போதாது. பல் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும், ஸ்பீடோமீட்டர் சென்சார் வேறாக இருக்கும். உங்கள் பெட்டியில் அடித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கையால் இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி, ஒவ்வொரு கியராகப் போட்டு, ஆட்டிப் பாருங்கள். ஆயில் இல்லாமல் வெளியில் கிடந்த பெட்டி என்றால் உள்ளே துரு இருக்கும், வாங்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் பிக்கப்புக்கு?

அங்கே எல்லாமே ஆயில்தான்: விசையைக் கடத்துவதும், கிளட்சுகளை அழுத்துவதும், குளிர்விப்பதும். சூடு அதை எரிக்கும். கருகிய வாடை, கறுத்த நிறம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். அளவு பார்க்கும் முறை, ஆயில் வகை இரண்டும் கையேட்டில் உள்ளபடியே. இதை ஊர்ப் பட்டறையில் பிரிக்கவிடாதீர்கள், நானும் தொடுவதில்லை.

வழியில் நின்ற வண்டியை நியூட்ரலில் போட்டுக் கட்டி இழுக்கலாம்தானே?

கொஞ்ச தூரம், மெதுவாக, பத்திரமான இடம்வரை என்றால் சரி. தேவகோட்டை ரஸ்தாவிலிருந்து திருச்சிக்கு என்றால் கூடாது. பெட்டிக்குள் ஆயிலை வாரி இறைப்பது லே ஷாஃப்ட். அதைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் நின்று, பின் சக்கரம் தரையில் உருளும்போது மெயின் ஷாஃப்ட் மட்டும் சுற்றுகிறது, லே ஷாஃப்ட் அசைவதில்லை. மேலே உள்ள கியர்களும் பேரிங்குகளும் ஆயில் இல்லாமல் ஓடுகின்றன. கிளட்ச் மட்டும் போன வண்டி, வீடு வந்து சேரும்போது கியர்பாக்ஸும் போன வண்டியாகிவிடும். இன்ஜின் ஓடாததால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பின் சக்கரத்தைத் தூக்கி இழுங்கள், அல்லது மேலேற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வழியில்லையென்றால் கிரவுன் பக்கத்து ஃபிளாஞ்சில் நாலு போல்ட்டைக் கழற்றிப் புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கம்பியால் சேசிஸோடு மேலே கட்டிவிடுங்கள். கழற்றும் முன் இரண்டு ஃபிளாஞ்சிலும் சேர்ந்தாற்போல் பெயின்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடு சேராமல் பூட்டினால் வண்டி வேகத்தில் அதிரும்.